எங்கள் ஒழுங்கைக்கு வியாழக்கிழமை மட்டும்

"எத்தனை வீடு டீச்சர்?"

"இருபத்திரண்டு சேர்."

"இருபத்திரண்டு வீட்டுக்கும் கிழமைக்கு ஒருக்கா பாடத் திட்டம் போய்ச் சேரணும். போன வருஷம் சித்திரையில ஸ்கூல மூடித் தொறந்த நேரம் என்ன நடந்திச்சு?"

"தெரியும் சேர். ரெண்டு பேர் திரும்பி வரேல்லை. ரெண்டும் என்ட வகுப்பு."

"ஒருத்தன் இன்னும் கருவாடு காயப்போடுற வாடியிலதான் நிக்கிறான். நேத்தும் கண்டன். என்னக் கண்டதும் பெட்டிக்குப் பின்னால ஒளிக்கிறான்."

"இந்தமுறை இருபத்திரண்டும் வரும் சேர்."

நோய்த்தொற்றுக்காகப் பாடசாலைகளை மூடிய அன்று, பூட்டிய படலைக்கு முன்னால் அதிபர் மஹ்ரூபும் நாலாம் வகுப்பு ஆசிரியை வதனாவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துக் குசினி மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்த வதனாவுக்கு, அந்தப் பேச்சில் தான் சொன்ன கடைசி வசனம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

முதலில் வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினாள். இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பதில்தான் அதற்கேற்ற போன் இருந்தது. அந்த ஒன்பதில் ஐந்து, விடியப்புறம் வாப்பாவின் அல்லது அப்பாவின் சட்டைப் பையில் ஏறிக் கடலுக்குப் போய்விடும். பாடத் திட்டம் களப்பைத் தாண்டி அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை கரையில் மணல் விளையாடிக்கொண்டிருந்தது.

மிச்சம் நாலு போனிலும் வேறு சிக்கல். குழுவில் வதனா ஒரு செய்தி போட்டால், பெற்றார் பதினைந்து கை வைத்தியம் போட்டார்கள். கொத்தமல்லி, இஞ்சி, வெந்நீர், வேப்பிலை. இவற்றுக்கு நடுவே பாடத் திட்டத்தைத் தேடிப் பிடித்த அருளப்பு என்ற தகப்பன், அதைத் தன் மகளுக்கு இப்படி வாசித்துக் காட்டியிருந்தார்: மூன்றாம் வாய்ப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு மூன்று தரம்.

"பிள்ளை ஒழுங்காச் செய்யிறாள் டீச்சர்," என்றார் போனில். "காய்ச்சலும் இல்லை."

ஊரடங்கில் வீதியில் போக அனுமதி உள்ளவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஓட்டோக்கார நஸீர். கற்பிட்டியில் இருந்து வருகிறவர். காலையில் அந்தப் பழகிய மெட்டை ஒலிபெருக்கியில் விட்டுக்கொண்டு, குறிஞ்சிப்பிட்டியின் எல்லா ஒழுங்கைக்குள்ளும் நுழைந்து வெளியே வருவார். வதனா ஒரு நாள் தன் வீட்டுப் படலையில் வைத்து அவரை மறித்தாள்.

"நஸீர் நானா, உங்கட ஸ்பீக்கரில பாட்டுக்குப் பதிலா என்ட குரலைப் போடுவீங்களோ?"

நஸீர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாடுவீங்களா டீச்சர்?"

"பாடமாட்டன். பாடம் சொல்லுவன்."

"பாண் விக்கணுமே."

"பாட்டை முதல்ல போடுங்கோ. பிறகு என்னைப் போடுங்கோ. வெள்ளிக்கிழமைகளில பிள்ளையளின்ட கொப்பியையும் வாங்கிக்கொண்டு வாங்கோ."

நஸீர் யோசித்தார். அவருடைய பிள்ளைகளும் வீட்டில்தான் கிடந்தார்கள். "சரி, அனுப்புங்க. ஆனா குரல் கொஞ்சம் பெலமா இருக்கட்டும். எஞ்சின் சத்தத்துக்குக் கேக்காது."

திங்கள் முதல் வெள்ளி வரையான பாடங்களை வதனா தெளிவாகப் பதிவுசெய்து நஸீரின் போனுக்கு அனுப்பினாள். நாலு நிமிடம் நாற்பது விநாடி. அடுத்த நாள் காலை தன் குரல் தெருவில் போவதைக் கேட்டபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொப்பிகள் வந்தன. பணிஸ் அடுக்கும் கண்ணாடித் தட்டில் வந்ததால் எல்லாவற்றிலும் வெண்ணெய் மணத்தது. திறந்து பார்த்தவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

பள்ளிவாசல் ஒழுங்கைப் பிள்ளைகள் திங்கட்கிழமைப் பாடத்தை மட்டும் செய்திருந்தார்கள். சேர்ச் ஒழுங்கையில் செவ்வாய். கிணற்றடி வீதியில் புதன். ஓட்டோ நிற்காமல் போகிறது. குரல் நிற்காமல் பேசுகிறது. எந்த ஒழுங்கைக்குள் எந்த நாள் வந்து விழுகிறதோ, அந்த ஒழுங்கைக்கு அந்த நாள்தான். கடைசி ஒழுங்கைக்குப் பாடமே கிடைக்கவில்லை. "வீட்டிலுள்ள பெரியவர்களின் உதவியோடு செய்து, கையெழுத்து வாங்கவும்" என்ற முடிவு மட்டுமே கிடைத்திருந்தது. அங்கிருந்து வந்த ஆறு கொப்பிகளிலும் வெற்றுப் பக்கத்தின் அடியில் பெரியவர்களின் கையெழுத்து ஒழுங்காக இருந்தது.

"இன்னொண்டு டீச்சர்," என்றார் நஸீர். "களப்போர ஒழுங்கையில ஒரு பொம்புள என்ன மறிச்சுக் கேட்டா. எங்கட ஒழுங்கைக்கு வியாழக்கிழமை மட்டுந்தான் வருது, மிச்ச நாளெல்லாம் எங்கயாம்."

"ஆர் அவ?"

"அரைப் பாண் வீடு."

நஸீருக்கு இந்த ஊரில் பேர்கள் தெரியாது. ஒரு றாத்தல் பாண் வீடு, ரெண்டு றாத்தல் வீடு, பணிஸ் மட்டும் வாங்குகிற வீடு. அப்படித்தான் ஊர் அவருக்கு.

வதனா வகுப்புப் பேர் இடாப்பைப் புரட்டினாள். களப்போர ஒழுங்கையில் அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை. சாஹுல் ஹமீது. இதுவரை கொப்பி வராத ஒரே பிள்ளையும் அவன்தான். தமையன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். பாடசாலை மூடிய நாளில் இருந்து அவளுக்கு நித்திரை இல்லாமற் போனதே இந்தப் பேரால்தான்.

"அப்ப அது சாஹுலின்ட உம்மா," என்றாள். "பாவம், அரைப் பாண்தான் வாங்குறா. ஆனா பிள்ளையின்ட படிப்பைக் கேட்டு ஓட்டோவை மறிக்கிறா பாருங்கோ. நானா, இனி ஒவ்வொரு ஒழுங்கையிலும் அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுங்கோ."

நஸீர் நிப்பாட்டினார். பாடசாலையில் காலைக் கூட்டத்துக்கு வராத பிள்ளைகள்கூட ஓட்டோவைச் சுற்றி வந்துவிட்டார்கள். பின்னால் தாய்மார். தாய்மாருக்குப் பின்னால், வேறு பொழுதுபோக்கு இல்லாத ஆண்கள். மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இது என்ன கூட்டம்?"

"நாலாம் வகுப்பு," என்றார் நஸீர்.

"இதுவா? அந்தாளுக்குத் தாடி நரைச்சிருக்கு!"

ஓட்டோ எங்கேயும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று கட்டளை வந்தது. வதனா பாடத்தை நாற்பது விநாடியாகச் சுருக்கி, அன்றன்றைக்குரியதை அன்றன்றைக்கு அனுப்பத் தொடங்கினாள். இப்போது எல்லா ஒழுங்கைக்கும் எல்லா நாளும் சமமாகக் கிடைத்தது. நிம்மதி இரண்டு நாள் நீடித்தது.

"அரைப் பாண் வீடு சொல்லச் சொன்னா," என்றார் நஸீர். "பக்கத்தச் சொல்றீங்க, கணக்க விளங்கப்படுத்தல்லயாம். வகுத்தல் அவக்கு... அவங்களுக்கு விளங்கல்லயாம்."

வதனாவுக்குக் கோபம் வரவில்லை. மற்ற இருபத்தொரு வீட்டில் ஒருவராவது இப்படிக் கேட்டார்களா? அன்று பின்னேரமே வகுத்தலை விளக்கிப் பதிவுசெய்தாள். பிள்ளைகளுக்குப் பிடிபடவேண்டுமே என்று அவர்கள் தினமும் காணும் பொருளையே எடுத்தாள். "எங்களிடம் பன்னிரண்டு பணிஸ் இருக்கிறது. அதை நாலு பேருக்குச் சமமாகக் கொடுக்கிறோம். ஒருவருக்கு மூன்று பணிஸ் கிடைக்கும்."

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நஸீரின் போன் வந்தது. பின்னணியில் பெரிய சத்தம்.

"டீச்சர், என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"ஏன் நானா?"

"ஊருல எல்லாரும் நாலு நாலு பேரா வந்து நிக்கிறாங்க! ஆளுக்கு மூணு பணிஸ் குடுக்கிறதா ஸ்பீக்கர்ல சொன்னீங்களாமே! நிவாரணமாம். இராசமணி அக்கா வீட்டுல மூணு பேர்தானாம், பக்கத்து வீட்டுல ஒராளக் கடன் கேட்டுக் கூட்டி வந்திருக்கா!"

வதனா மன்னிப்புக் கேட்டு, மறுநாள் பணிசை விட்டு மீனுக்கு மாறினாள். இருபத்துநாலு சூடை மீனை ஆறு பேருக்குப் பங்கிட்டாள். மறுநாள் பாண் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சட்டியோடு வந்தார்கள்.

"மீன் எப்ப வரும்?" என்று கேட்டார்கள் நஸீரிடம்.

"எனக்கு மீனே சரிவராது," என்றார் நஸீர் வதனாவிடம், அழாக்குறையாக. "ஓட்டோ மணக்கும். கணக்குக்கு வேற சாமான் இல்லயா? ஆரும் விக்காத சாமான்?"

வதனா நன்றாக யோசித்தாள். இந்தக் கரையோரத்தில் தேங்காயும் விற்கிறார்கள், உப்பும் விற்கிறார்கள், புகையிலையும் மிளகாயும் விற்கிறார்கள். கடைசியில் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தாள். "வானத்தில் அறுபது நட்சத்திரங்கள். அவற்றை ஐந்து பிள்ளைகள் சமமாகப் பங்கிட்டால்..."

யாரும் சட்டியோடு வரவில்லை. முறைப்பாடு மட்டும் வந்தது.

"அரைப் பாண் வீடு," என்றார் நஸீர். "நட்சத்திரத்த எப்படிக் கையில எடுத்துப் பிரிக்கிறதாம். பணிஸ் நல்லா விளங்கினதாம்."

"அவவுக்குச் சொல்லுங்கோ நானா, புளியங்கொட்டையை நட்சத்திரமா நினைச்சுப் பிரிக்கச் சொல்லி."

அந்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. கொப்பிக் கட்டின் அடியில் புதுக் கொப்பி ஒன்று. பழைய கலண்டர் தாளில் உறை. பேர் எழுதும் இடம் வெறுமை. தரம் என்ற இடத்தில் மட்டும் "4".

"இது எங்கயிருந்து?"

"களப்போர ஒழுங்கையில. வேலியில செருகி வெச்சிருந்திச்சு."

வதனா அதைப் பிரித்தாள். ஒரு பாடம் மிச்சமில்லை. விட்டுப்போன திங்கள், செவ்வாய், புதன், வெள்ளிகூட எங்கேயோ கேட்டுத் தேடி எழுதப்பட்டிருந்தன. எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்காமல் பிடிவாதமாக நின்றது. ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம் வந்தது. உம்மா எழுதிக் கொடுக்கிறாவோ? ஆனால் கழித்தலில் ஒரு பத்தைக் கடன் வாங்கிவிட்டு அதைக் குறைக்க மறந்திருந்தது. 'ற'வும் 'ர'வும் இடம் மாறி இருந்தன. இவை ஒன்பது வயதுப் பிழைகள். பெரியவர்கள் இப்படிப் பிழை விடமாட்டார்கள்.

அவள் கொப்பியை மூடி மேசையில் வைத்தாள். பிறகு அதிபருக்குப் போன் எடுத்தாள்.

"சேர், இருபத்திரண்டும் வந்திட்டுது."

"சாஹுலுமா?"

"அவன்தான் எல்லாரையும் விடத் திறம்."

"மாஷா அல்லாஹ்! நான் வலயக் கல்விக் கந்தோருக்கு இப்பவே அறிவிக்கிறன். வேற எந்த வகுப்புலயும் முழுசா வரல்ல டீச்சர்."

அன்று அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினாள்: "மிக நன்று சாஹுல்! பேரை எழுத மறக்கவேண்டாம்." அடுத்த வெள்ளி கொப்பி வந்தபோது பேர் எழுதப்படவில்லை. அவள் எழுதிய 'சாஹுல்' என்ற சொல் மட்டும், அடிமட்டம் வைத்து, ஒரே கோட்டால் வெட்டப்பட்டிருந்தது.

"பெடியனுக்குத் தன்ட பேர் பிடிக்கேல்லைப் போல," என்று சிரித்துக்கொண்டாள்.

ஊரடங்கு தளர்ந்த முதல் சனிக்கிழமை, முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு களப்போர ஒழுங்கைக்குப் புறப்பட்டாள். பையில் ஒரு பெட்டி வண்ணப் பென்சில். சாஹுலுக்குப் பரிசு.

வீட்டு வாசலில் இறால் வலை விரித்துக் கிடந்தது. அதன் நடுவில் சாஹுல் குந்தியிருந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே இருந்து அவனுடைய தாய் மஹ்மூதா ஓடிவந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. கதிரையில இருங்க. டீ ஊத்தவா?"

"உங்களைப் பார்த்து நன்றி சொல்லத்தான் வந்தனான். நீங்க அண்டைக்கு ஓட்டோவை மறிச்சுக் கேட்டிருக்காட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"நானா?" என்றாள் மஹ்மூதா. "நான் ஒரு ஓட்டோவயும் மறிக்கல்லயே."

"நட்சத்திரம் விளங்கேல்லை எண்டு சொன்னது?"

"என்ன நட்சத்திரம் டீச்சர்?"

வதனா பையில் இருந்து கொப்பியை எடுத்து நீட்டினாள். மஹ்மூதா அதைத் தொடவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர்க்குப் பொய் சொல்லக்கூடாது. இது அவன்ட இல்ல. ஸ்கூல் பூட்டின நாள்ல இருந்து அவன் ஒரு எழுத்து எழுதல்ல. இனி ஸ்கூல் தொறக்காதுண்டு அவன்ட வாப்பா சொன்னாரு. மே மாசத்துல இருந்து நானாமாரோட தோணியில ஏத்தலாமுண்டு..."

வலயக் கந்தோர் வரை போன இருபத்திரண்டு இப்போது இருபத்தொன்று. அதுவல்ல அவளைச் சுட்டது. பெட்டிக்குப் பின்னால் ஒளிக்கிற அந்தக் கருவாட்டு வாடிப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே முகம் இங்கே வலைக்குள் குனிந்திருந்தது.

அவள் போய் அவனுக்கு எதிரே மணலில் குந்தினாள். வாயில் வந்ததைக் கேட்டாள்.

"சாஹுல், அறுபது நட்சத்திரத்தை அஞ்சு பேருக்குப் பிரிச்சா?"

"பன்னண்டு," என்றான் அவன், ஊசியை நிப்பாட்டாமலே.

வதனா மஹ்மூதாவைப் பார்த்தாள். மஹ்மூதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுபத்திரண்டை ஆறால?"

"அதும் பன்னண்டுதான். அது செவ்வாக்கிழமக் கணக்கு."

"உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஆரும் சொல்லித் தரல்ல. பக்கத்து வீட்டு லெய்லா மாமி பின்னேரத்துல வேலிக்கு அங்கால இருந்து சத்தம் போட்டுக் கணக்குச் செய்வா. புளியங்கொட்டையப் போட்டு எண்ணுவா, பிழச்சா அழிச்சிட்டுத் திரும்பவும் முதல்ல இருந்து. நான் என்ன செய்ய டீச்சர், காத மூடிட்டு வல தைக்க ஏலுமா?"

"அப்ப ஏன்டா கொப்பியில எழுதல்ல?" மஹ்மூதா ஓங்கிய கையோடு வந்தாள்.

"ஸ்கூல் இனி இல்லண்டு வாப்பா சொன்னாரே. இல்லாத ஸ்கூலுக்கு எதுக்கு எழுதுற?"

"இருக்குது," என்றாள் வதனா. "நீ எழுதினா இருக்குது."

மஹ்மூதா ஓங்கிய கையை இறக்கி, மகனிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். "எழும்பு. அவன்ட வாப்பாவோட நான் கதைக்கிறன் டீச்சர். தலைக்குள்ள இவ்வளவு ஏறின புள்ளயத் தோணியில ஏத்தினா எனக்குத்தான் பாவம். திங்கட்கிழம கொப்பி வரும். நான் ஓட்டோவ மறிச்சாவது தருவன்."

சாஹுல் எழும்பி மணலைத் தட்டினான். வண்ணப் பென்சில் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, வதனா கலண்டர் தாள் உறையிட்ட கொப்பியோடு வேலிப் படலைப் பக்கம் நடந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கெட்டுப் போகிறானே என்று பொறுக்காத ஒரு நல்ல மனிசி, அவன் பேரில் கொப்பி எழுதி அனுப்பியிருக்கிறாள்.

லெய்லா வேலிக்கு அந்தப்பக்கம் ஏற்கெனவே வந்து நின்றாள். நாற்பதை நெருங்கும் வயது. முக்காட்டைச் சரிசெய்த கையில் வாடியில் கருவாடு பிளக்கும் கத்தியின் பழைய தழும்புகள். ஒற்றை அறை வீடு. வாசலில் ஒரு சோடிச் செருப்பு மட்டும் கிடந்தது.

"லெய்லா அக்கா," என்றாள் வதனா. "உங்களால இண்டைக்கு ஒரு பிள்ளை மிஞ்சினான். அதுக்கு நான் எப்பவும் கடமைப்பட்டிருக்கிறன். ஆனா கோவிக்கக் கூடாது. பிள்ளைக்காகப் பெரிய ஆக்கள் கொப்பி எழுதிக் குடுக்கிறது சரியில்லை. அவன்ட கொப்பியை அவன்தான் எழுத வேணும்."

லெய்லா கொப்பியைப் பார்த்தாள். வதனாவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சாஹுல் பென்சிலைச் சீவத் தொடங்கியிருந்தான்.

"நட்சத்திரக் கணக்கு சரியா டீச்சர்?" என்று கேட்டாள் லெய்லா.

"சரி. எல்லாம் சரி. அதில்லை அக்கா பிரச்சினை..."

"அப்ப நான் கேக்கலாம்," என்றாள் லெய்லா. மூச்சை இழுத்துக்கொண்டு, வகுப்பில் எழும்பி நிற்கும் பிள்ளையைப் போல நிமிர்ந்தாள். "அது சாஹுலுக்கு எழுதின கொப்பி இல்ல டீச்சர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இருந்து முஸ்லிம் சனம் எங்களை எல்லாம் வெளிக்கிடச் சொல்லேக்க நான் நாலாம் வகுப்பு, தவணைச் சோதனைக்கு ஒரு மாசம் இருந்தது. உங்கட இடாப்பில இருபத்துமூண்டாவதா என்ட பேரையும் எழுதுவீங்களா?"